ஆறிய புண்ணுக்குக் கட்டு

ஐந்து ரோட்டு பிரவுசிங் சென்டரில்
மூன்றாம் முறையாக நேரம் முடிந்து
பக்கம் தானே மூடிக்கொண்டது.
லோகேஸ்வரன் மறுபடி
என் பிறந்த தேதியைத் தட்டுகிறான்.
"சிஸ்டர், இந்தத் தடவையாவது
எந்தப் பிரிவுன்னு முடிவு பண்ணிட்டு உட்காருங்க."

எம்.எஸ்சி. நர்சிங்.
சிறு அம்புக்குறியைத் தொட்டால்
ஐந்து பெயர்கள் திரையில் தொங்குகின்றன,
செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
ஒரே ஆணியில் மாட்டிய கொலுசுகள்போல.
ஒன்றை எடுத்தால் மற்றவை சிணுங்கும்.

மகப்பேறு எடு என்றாள் ஜெசிந்தா.
மஸ்கட்டில் அவள் நாத்தனார்
வருடத்துக்கு ஒரு வளையல் வாங்குகிறாளாம்.
பிரசவம் எனக்குப் பயமில்லை.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
ஆம்புலன்ஸை ஓரங்கட்டிவிட்டு
ஓட்டுநர் முகம் திருப்பி நிற்க,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஒரு பெண்குழந்தையைக் கையில் வாங்கியிருக்கிறேன்.
வளைவின் எண்ணையே பெயராக வைக்கலாமென்று
அதன் தாயே சிரித்தாள்.

குழந்தைகள் பிரிவு வேண்டாம்.
ஏனென்று கேட்காதீர்கள்.
ஒரு டிசம்பர் இரவு,
ஒரு சின்ன ஸ்வெட்டர்.
அவ்வளவுதான் சொல்வேன்.

அறுவை சிகிச்சை என்றால் அப்பாவுக்குப் பெருமை.
இரும்பாலையில் கிரேன் ஓட்டியவர்,
தூக்கி இறக்குவது கண்ணுக்குத் தெரிந்தால்தான்
அவருக்கு அது வேலை.

இதில் சடைச்சியை எங்கே வைப்பது?

காப்பித் தோட்டத்தில் கவாத்துக் கத்தி
அவள் முழங்காலுக்குக் கீழே இறங்கியது.
ஆறு தையல். பத்தாம் நாள் பிரித்தேன்.
மூன்றாம் வாரம் தோல் மூடி
நத்தை போன தடமாய் வடு மினுங்கியது.
அதன் பிறகும் வந்தாள்,
ஒவ்வொரு திங்களும் வியாழனும்,
இரண்டு மேடு ஏறி இறங்கி.
"வலிக்குதுங்க."
எங்கே?
வடுவைக் காட்டுவாள்.
அழுத்தினால் முகம் மாறாது.
"கட்டுக்கு ஆசைப்படுது" என்று
டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிடுவார்.

நான் பஞ்சை நனைத்து
ஆறிய இடத்தைத் துடைத்து
புதுத் துணி சுற்றுவேன்.
அந்த ஏழெட்டு நிமிடம் பேசுவாள்:
ஆடு போட்ட குட்டி, மிளகு விலை,
பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர்.
கடைசிச் சுற்றில் மட்டும்
மகன் தொங்கிய மரம்.
சில்வர் ஓக். இன்னும் வெட்டவில்லையாம்.
மிளகுக்கொடி அதன் பாதிக்கு ஏறிவிட்டதாம்.

பதிவேட்டில் எழுதுவேன்: கட்டு மாற்றப்பட்டது.
மாதக் கடைசியில் துணிச்சுருள் கணக்கு இடிக்கும்.
ஒருமுறை என் காசில் வாங்கி வைத்தேன்.

அவளால்தான் முடிவெடுத்தேன் என்றால் பொய்.
இரவுப்பணி அலுத்துவிட்டது.
மேல்படிப்புக்குச் சம்பளம் கூடும்.
மனநலத்துக்குப் போட்டியும் குறைவு.
எல்லாம் கணக்கில் உண்டு.
ஆனால் அந்தக் கட்டுக்கு என்ன பெயரென்று
எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.
நான் செய்தது வைத்தியமா,
அல்லது அவளை
வடுவோடு சேர்த்துக் கட்டிப்போட்டேனா?
அதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

"நாலாவது" என்றேன்.
லோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான்.
"பைத்தியத்துக்கா சிஸ்டர்? உங்க மார்க்குக்கா?"
பின்னால் வருமானச் சான்றிதழுக்கு நின்றவர்
இருமுவதை நிறுத்திவிட்டு
என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
"அப்புறம் மாத்த முடியாது."
அழுத்து தம்பி,
மறுபடி நேரம் போயிடும்.

தாள் வெதுவெதுப்பாக வந்தது.
நாற்பது ரூபாய்.
என் இனிஷியலில் மட்டும் மை இழுத்திருந்தது.

வெளியே வண்டியில் ஒரு தட்டுவடை செட் சொல்லி
தாளை மடிக்க மனமில்லாமல் நின்றேன்.
வடக்கே மலை,
மேகத்தில் பாதி காணாமல்.
நாளை வியாழன்.
மருந்துக்கடை மூடுமுன்
ஒரு சுருள் துணி வாங்க வேண்டும்.
கட்டுவேனா, தெரியவில்லை.
எதற்கும் இருக்கட்டும்.